ஆறு வோல்ட் ரேடியோவும் உன் காதும்

கண்ணா,

தாளின் தலையில் ஸ்ரீ போட்டுவிட்டேன். அடுத்து நீ நலமா என்று எழுத வேண்டும். அதை எழுதக் கை வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு உன் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்தேன்; அழுத்தவில்லை. போனில் பேசினால் நான் அவசரப்படுகிறேன். நீ "என்னம்மா? திருப்பிச் சொல்லு" என்று கேட்டால் சத்தத்தைக் கூட்டுகிறேன். சத்தத்தைக் கூட்டினால் அது சண்டையாகிவிடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓசூரில் உன் அறையில் உட்கார்ந்து இதை நீ மெதுவாகப் படிக்கலாம், கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தும் படிக்கலாம். வேறு யாருக்காவது காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு. இந்த ஒரகடம் பக்கத்தில் பிள்ளையின் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்துக் கம்பெனி பஸ்ஸுக்கு அனுப்புகிற அம்மாக்கள் எத்தனையோ பேர். அவர்களில் யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. என் வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் செய்தி இது. அப்பாவின் காரில் நீ பேச வைத்துவிட்டுப் போன ரேடியோ எரிந்துபோய்விட்டது. எரித்தவள் நான். "நான்தான் பண்ணேன்னு சொல்லிடறேன் வுடு. அவன்கிட்ட திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தானே" என்று உங்கப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் போன் செய்து அப்படிச் சொன்னால் நம்பாதே. இரண்டாவது ஒரு செய்தியும் இருக்கிறது. அது இந்த முதல் செய்தியிலிருந்து பிறந்தது என்பதால் வரிசையாகத்தான் சொல்ல முடியும். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

அந்தக் காரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மற்றவர்கள் படித்தால் புரிய வேண்டுமே. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிற ஒரு மனிதருக்கு, படகு மாதிரி நீளமாக, கூரை மடங்குகிற பழைய அமெரிக்கக் கார் எதற்கு என்று நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். காயலான் கடையில் கிடந்ததை இழுத்துக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து ஓட வைத்தார். அதற்குப் பிறகு நம் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தக் கார்தான். "இந்த ஊர்ல பாதி மாப்ளைங்க இந்த சீட்ல வேர்த்துட்டுப் போனவங்கதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அந்தக் கார் பிறந்தபோது அதற்கு ஆறு வோல்ட் பேட்டரி. ஆறு வோல்ட்டில் அதன் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரிதான் எரியும். ஊர்வலத்துக்குச் சீரியல் பல்பு மாட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மாப்பிள்ளையோடு சேர்த்துத் தள்ள வேண்டும். அதனால் அப்பா எல்லாவற்றையும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினார். பேட்டரி, டைனமோ, பல்பு, ஹாரன் என்று ஒவ்வொன்றாக மாற்றியவருக்கு ரேடியோவை மட்டும் மாற்ற முடியவில்லை. அதன் வயிற்றில் இருக்கிற கண்ணாடி வால்வுகள் ஆறு வோல்ட்டுக்கென்றே செய்தவை. ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார். அத்தனை கல்யாணங்களிலும் அந்த ரேடியோ வாயைத் திறக்காமல்தான் ஊர்வலம் போனது.

தீபாவளிக்கு வந்த நீ, தை மாதம் உன் கல்யாண ஊர்வலத்தில் அது பாட வேண்டும் என்று உட்கார்ந்தாய். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு நீயும், டார்ச் பிடித்துக்கொண்டு அப்பாவும். டார்ச்சை அவர் எங்கெங்கோ காட்ட, "ப்பா, ரேடியோ இங்க இருக்கு, ரோட்ல இல்ல" என்று நீ கத்தினாய். நான் காபி கொண்டு வந்தபோது உன் கையில் சாக்பீஸ் மாதிரி ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டி இருந்தது. ரெசிஸ்டர் என்றாய். வருகிற பன்னிரண்டு வோல்ட்டில் பாதியை இது தன் தலையில் வாங்கிக்கொண்டு, மீதி ஆறை மட்டும் ரேடியோவுக்கு விடும் என்றாய். அரை மணி நேரம் பாடிய பிறகு நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். விரல் பொசுங்கிவிட்டது. ஞாபகம் இருக்கிறதா, நாம் பேசிக்கொண்டது?

"ஐயோ, இவ்ளோ சூடாவுதே. இது என்னா வேலை செய்யுது?"

"சூடாவறதுதாம்மா அதோட வேலை."

"அப்ப பாதி கரண்ட் வீணாத்தானே போவுது?"

"அது வீணாப் போறதாலதான் ரேடியோ பொழைக்குது."

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு அது மனதில் ஒட்டவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, மீட்டர் ரீடிங் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவள். பள்ளிக்கூடத்தில் பாதியில் நிறுத்தப்பட்டவள். பிறகு உன் புத்தகங்களைப் படித்துத்தான் ப்யூஸ் போடவும் மிக்ஸி பிளக் மாட்டவும் கற்றுக்கொண்டேன். ஒரு பொருள் வீட்டில் இருந்தால் அது ஏதாவது தர வேண்டும். எதையும் தராமல் தின்றுகொண்டு மட்டும் இருக்கிற பொருளை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் குறை அது. ரேடியோவில் மட்டும் அது நிற்கவில்லை என்பதைச் சொல்ல வருகிறேன்.

அன்று சாயங்காலமே உனக்கு நிச்சயமான பெண்ணை வைத்து நமக்குள் பேச்சு முற்றியது. "கோமதி வீட்ல என் காது விஷயத்தைச் சொல்லிட்டியா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "நிச்சயத்துக்கு முன்னாடி சொல்றேன்னியே?" என்றாய். "தாலி ஏறட்டும்டா. அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றேன். நானே சொல்கிறேன் என்று நீ போனை எடுத்தபோதுதான், பெருமாள் விளக்கின் முன்னால் உன்னை நிறுத்தி, தாலி கட்டுகிறவரை அவளிடம் மூச்சு விட மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். இந்த வயதில் ஒரு பிள்ளை அம்மாவுக்குப் பயந்து சத்தியம் செய்வான் என்று யார் நம்புவார்கள்? நீ பயந்து செய்யவில்லை. நான் அழுதேன், அதனால் செய்தாய். அழுகையை நான் ஒரு கருவியாக எடுத்தேன். அது எனக்கு அப்போதே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது: "ம்மா, ஒண்ணு, சத்தியத்தைத் திருப்பிக் குடு. இல்ல, கல்யாணத்தை நிறுத்து. மறைச்சு வெச்சு என்னால மணையில ஒக்கார முடியாது." அதற்கு நான் சொன்னது: "தட்டு மாத்தியாச்சு, மண்டபம் பேசியாச்சு. நெனச்சா பாதில நிறுத்தறதுக்கு இது டிவி சீரியலாடா?" நீ போனை வைத்துவிட்டாய். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் காது போன கதையை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம், "கம்பெனி சத்தம், என்ன பண்றது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். அந்த ஒரு வரியில் நான் எங்கேயும் இல்லை பார். டிப்ளமோ முடித்து ட்ரெயினியாக நீ சேர்ந்தது பிரஸ் ஷாப்பில். காருக்குக் கதவுத் தகடு அடிக்கிற இடம். காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். ஒரு ஷிப்டுக்கு அது போதும், ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் போட்டால் காது புண்ணாகிறது என்று நீ வீட்டில் சொன்னாய். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு. காலையிலிருந்து மத்தியானம்வரை குப்புறப் படுத்துக் கிடப்பாய். பேச மாட்டாய், டிவி வேண்டாம் என்பாய், மின்விசிறிச் சத்தம்கூட வேண்டாம் என்று நிறுத்திவிடுவாய். சும்மா கிடப்பாய். எனக்கு அது பொறுக்கவில்லை. "ஓ.டி. குடுக்கறாங்களாமே, எதிர் வூட்டுப் பையன் போறான். நீ ஏன்டா வூட்ல சோம்பிக் கெடக்குற?" என்று ஆரம்பித்தவள் நான். நம் வீட்டில் அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அப்பாவுக்கு வேலை இருந்தது. எதற்காகவும் அந்த ஓ.டி. தேவைப்படவில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு பிள்ளை ஒன்றும் செய்யாமல் கிடப்பது என் கண்ணுக்கு வீணாகத் தெரிந்தது. அவ்வளவுதான் காரணம்.

நீ போக ஆரம்பித்தாய். போன பிறகு எப்படி வேலை செய்தாய்! உன் லைனில் உன்னை மாதிரி ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் அப்பாவின் பஸ்ஸில் ஏறியபோது சொன்னாராம். மேடையில் ஏற்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை நான் கண்ணாடி போட்டுப் பெருமாள் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். அந்த வருஷம்தான் நீ, "ம்மா, படுத்தா காதுக்குள்ள குக்கர் விசில் மாதிரி கேக்குது, நிக்கவே மாட்டேங்குது" என்றாய். எண்ணெய் காய்ச்சிப் பூண்டு தட்டிப் போட்டு உன் காதில் விட்டேன். எந்தக் காது என்று நான் கேட்கவில்லை. ஒரு காதுக்கு விட்டால் மறு காதுக்கும் விட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்; ரெண்டுக்கும் விட்டேன். இதை மறக்காமல் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிடுகிறேன் என்று வந்து நின்றாய். ட்ரெயினிங் முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. "முடியட்டும்டா. எடுத்ததைப் பாதில விடக்கூடாது. கையில ஆர்டர் வாங்கினு அப்புறம் எங்க வேணா போ" என்றேன். நீ முடித்தாய். ஆர்டரும் வந்தது. டாக்டரிடம் தனியாகத்தான் போனாய். வந்து, "நரம்பு செத்துப் போச்சாம், ஒரு காது இனிமே வராதாம்" என்று நாளைக்கு மழை வருமாம் என்பதுபோலச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். உனக்கு ரசம் ஊற்றினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்ததாக ஞாபகம் இல்லை.

இனி ரேடியோ. மார்கழி பிறந்துவிட்டது. உன் ஊர்வலத்தில் அந்த ரேடியோ பாடும் என்ற நினைப்பு எனக்கு இனித்தது; ஒரு உறுத்தலும் இருந்தது. நீ சோதனை செய்தபோது அது முதன்முதலாகப் பேசியது என்ன தெரியுமா? ஏதோ பூச்சி மருந்து விளம்பரம். இத்தனை வருஷம் மௌனமாக இருந்த ஒன்று வாயைத் திறந்து சொன்ன முதல் சொல் பூச்சி மருந்தாகப் போயிற்றே, கல்யாணத்துக்கு முன்னால் பெருமாள் பெயரைச் சொல்ல வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. சிரிக்காதே. மார்கழிக் காலையில் வானொலியில் பாசுரம் வைப்பார்கள். நீ போனை வைத்த மூன்றாம் நாள் கோலம் போட்டுவிட்டு, குளித்த ஈரத் தலையோடு போய் காரில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகினேன். பாடியது, ஆனால் சன்னமாக, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல. கீழே குனிந்து பார்த்தேன். உன் வெள்ளைக் கட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பாதியைத் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் சத்தம் வரவில்லை என்று முடிவு கட்டினேன். சுவிட்சை அணைத்து, அது ஆறியதும் கழற்றி ஓரமாக வைத்தேன். ரெண்டு ஒயரையும் நேராக முறுக்கி, டேப் சுற்றினேன். கச்சிதமாகத்தான் சுற்றினேன்.

திரும்பத் திருகினால், கண்ணா, என்ன கணீர்! தெருவே கேட்கிற மாதிரி வந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. டயல் விளக்கு பளீரென்று வெள்ளையாக எரிந்தது. நான் கண்ணை மூடிக் கை குவித்து உட்கார்ந்துவிட்டேன். இவன் இத்தனை படித்தும் இது தெரியவில்லையே, இந்தக் கட்டிதான் இதன் வாயை அடைத்து வைத்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை வந்தது; தூசி எரிகிற வாசனை, பிறகு மெழுகு உருகுகிற வாசனை. கண்ணைத் திறந்தால் டேஷ்போர்டு இடுக்கிலிருந்து நூல் மாதிரி புகை. அந்த நேரம் சாற்றுமுறை தொடங்கிவிட்டது. கடைசிப் பாசுரங்களைச் சொல்லி நிறைவு செய்கிற இடம் அது. சாற்றுமுறைக்கு நடுவில் எழுந்து போகக்கூடாது, நிறுத்தக்கூடாது. சின்ன வயதிலிருந்து எனக்கு அப்படித்தான். காய்ச்சலில் கிடந்தபோதும் முடித்துவிட்டுத்தான் படுத்திருக்கிறேன்.

அப்பா வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு ஓடி வந்தார். "ஏய், இன்னாமே பண்ற? பொகை வருது, ஆஃப் பண்ணு!"

"இன்னும் ஒரே ஒரு பாசுரங்க. முடிஞ்சிடும்."

"அது முடியறதுக்குள்ள வண்டியே முடிஞ்சிடும் போலக்கீது. தள்ளு!"

"சாத்துமுறைங்க! இருங்க!" என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டேன், கண்ணா. அந்தக் கடைசிப் பாசுரத்தின் கடைசி வரிக்கு முன் வரியில் ரேடியோ ஒரு தரம் உறுமிவிட்டு நின்றது. உள்ளே ஏதோ டப்பென்று உடைந்தது. நான் இத்தனை பிடிவாதமாகக் காத்திருந்த முடிவு வரவேயில்லை.

அப்பா பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். ப்யூஸ் போயிருக்க வேண்டுமே என்று பார்த்தால், ப்யூஸ் இடத்தில் அவர் எப்போதோ கம்பி சுற்றி வைத்திருந்தது தெரிந்தது. அதனால் அவராலும் என்னைத் திட்ட முடியவில்லை. நான் கழற்றி வைத்த கட்டியை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே, "ஜாஸ்தி கரண்ட் வுட்டா மொதல்ல நல்லாத்தான் கத்தும். எரியறதுக்கு முன்னாடி எல்லாமே அப்பிடித்தான். சத்தம் நல்லா வருதேன்னு ஏமாந்துட்டே" என்றார். அவர் ரேடியோவைத்தான் சொன்னார். வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லக்கூடிய மனிதர் இல்லை அவர். நான் உள்ளே போனேன். விளக்கேற்றப் போனவள், பெருமாளுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் இருந்த உன் சான்றிதழைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குத் தினமும் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். உன் பெயர் அதில் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது! அன்றைக்கு விளக்கு ஏற்றத் தாமதமாகிவிட்டது.

அன்று மத்தியானம் நான் சுங்குவார்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். அதுதான் இரண்டாவது செய்தி. கோமதியிடம் சொல்லிவிட்டேன். உன் சத்தியத்தை நான் உடைக்கவில்லை. நான் வாங்கியதை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பெருமாள் முன்னால் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். இனி உன்மேல் அது இல்லை. யாரோடும் எதையும் பேச உன் வாய் உன்னுடையது.

அவள் காலை ஷிப்ட் முடிந்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அப்பாவின் பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், இவள் நம் வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று அவர்தானே முதலில் சொன்னார். அந்தச் சங்கரன்கோவில் பேச்சுக்காகவே அவருக்குப் பிடித்துப்போனது. என்னைப் பார்த்ததும், "அத்தை! நீங்க எங்க இங்கன? மாமாவுக்கு மேலுக்கு முடியலையா?" என்று பதறிவிட்டாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். உனக்கு ஒரு காது கேட்காது என்பதையும், அது எப்படிப் போனது என்பதையும், நான் மறைக்கச் சொன்னதையும், சத்தியம் வாங்கியதையும் சொன்னேன். அவள் டீயைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"நிச்சயத்தன்னைக்கு அவுககிட்ட ஒண்ணு கேட்டேன் அத்தை. பதிலே சொல்லல. திரும்பிக்கூடப் பாக்கல. திமிருன்னு நெனச்சேன். ஹாஸ்டல்ல பிள்ளைககிட்டச் சொல்லிச் சிரிச்சேன்."

"என்னம்மா கேட்டே?"

"சாப்ட்டீயளான்னுதான்."

அவள் முகம் சிவந்துபோய், "இது நீங்க சொல்லி நான் கேக்க வேண்டிய விசயமா? அவுகளுக்கு வாயில்லையா?" என்றாள். "நான்தான் சத்தியம் வாங்கிட்டேன்மா" என்றேன் மறுபடியும். "சாமி வெளக்கு முன்னாலயா?" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லாருக்கு அத்தை, உங்க பக்தி" என்றாள். எனக்கு வேண்டியதுதான். யாரும் என்னை அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டு, "அவுக சொல்லட்டும். அதுவரைக்கும் நான் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. எங்க வீட்ல என்ன பேசணும்னு நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். ரெண்டு அடி போனவள் திரும்பி வந்து கேட்டாள்.

"எந்தக் காது அத்தை?"

நான் வாயைத் திறந்தேன்.

"எந்தப் பக்கம் நின்னு பேசணும்னு தெரியணும்லா. அன்னைக்கு நான் எந்தப் பக்கம் நின்னேன்னு யோசிச்சுப் பாக்கேன், கூட்டத்துல ஞாபகம் வரல."

கண்ணா, எனக்குத் தெரியவில்லை. வீட்டில் எந்த சிலிண்டர் எந்தத் தேதியில் மாற்றினேன் என்று கேட்டால் சொல்லுவேன். என் பிள்ளைக்கு எந்தக் காது கேட்காது என்று கேட்டால் தெரியாது. ரெண்டுக்கும் எண்ணெய் விட்டுவிட்டு வந்தவள் நான். "இடது" என்று ஏதோ சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் தோராயமாகச் சொல்ல முடியவில்லை. "தெரியலம்மா" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. என் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் கொடுத்துவிட்டு, பஸ் வருகிறவரை என் பக்கத்தில் நின்றாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். "வலதுன்னு நெனக்கிறேன்" என்றார். பிறகு, "இரு, நா வண்டி ஓட்டச்சொல்ல அவன் இந்தாண்ட ஒக்காந்தா நல்லாப் பேசுவான், அந்தாண்ட ஒக்காந்தா பேசமாட்டான்" என்று பஸ் சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலக் காற்றில் ஸ்டியரிங் பிடித்துப் பார்த்தார். "ஆனா அது பஸ்ஸா, காரான்னு தெர்லியே. நம்ம கார்ல ஸ்டியரிங் லெஃப்ட்ல கீது. கொழம்புது" என்றார். கையைக் கீழே போட்டுவிட்டு, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பெற்றவர்கள் ரெண்டு பேரும் அப்படி உட்கார்ந்திருந்தோம்.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அம்மா கடிதம் எழுதினால் ஏதாவது சொல்லத்தான் செய்வாள். உன் வீடு என்று ஒன்று வந்தால், அதில் ஒன்றுக்கும் உதவாமல் கொஞ்சம் நேரம் இருக்கட்டும். யாராவது ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தால் காரணம் கேட்காதே. உன் பிள்ளை கணீரென்று எதையாவது செய்தால் கைதட்டு. தட்டிவிட்டு, பக்கத்தில் போய் ஏதாவது கருகுகிற வாசனை வருகிறதா என்றும் பார். உன் வெள்ளைக் கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நீ வைத்த இடத்திலேயே திரும்ப மாட்டியிருக்கிறேன். ரேடியோவின் வால்வுகள் கறுத்துவிட்டன. எங்காவது கிடைக்குமா என்று அப்பா தேடிக்கொண்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் அது முன்போலவே மௌனமாக ஊர்வலம் வரட்டும், ஊர்வலம் என்று ஒன்று இருந்தால்.

கல்யாணம் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் நிறுத்திவிடு. மண்டபக்காரரிடமும் சொந்தக்காரர்களிடமும் நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். பாதியில் நின்றது என்று நாலு பேர் பேசினால் பேசட்டும். வேண்டும் என்றால் அவளுக்கு நீயே போன் செய். என்னைக் கேட்க வேண்டாம். ஒன்று மட்டும் யோசித்து வைத்திருக்கிறேன். தாலி கட்டும்வரை பெண்ணை மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் உட்கார வைப்பார்கள். கட்டிய பிறகு இடப்பக்கம் மாற்றுவார்கள். எங்கள் அம்மா காலத்திலிருந்து அதில் ஒரு இம்மி பிசகியதில்லை. உன் கல்யாணத்தில் உனக்குக் கேட்கிற பக்கம் எதுவோ அந்தப் பக்கம் அவள் உட்காரட்டும், முதலிலிருந்து கடைசிவரை. சாஸ்திரிகள் ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல நான் எழுந்து நிற்பேன். பெருமாள் கேட்டாலும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் எழுத எவ்வளவோ இருக்கிறது. கடைசியில் வைக்க வேண்டிய ஆசீர்வாத வரியும் எனக்குத் தெரியும். எந்தக் கடிதத்திலும் அதை நான் விட்டதில்லை. இதில் அதை எழுதாமல் இங்கேயே நிறுத்துகிறேன்.

எந்தக் காது, கண்ணா?